கண்மாய்க்குள் இறங்க ஒரு சின்ன டிராக்டர்: ஆவணிக்குள் 2,82,000 ரூபாய் தேவை

அன்புள்ள ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, பிழைப்புக்காக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளே,

கரைமேல் நிற்கும் அய்யனாரை வணங்கி எழுதுகிறோம். நம் கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாயில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல முள்ளை அழிக்கப் பழைய சின்ன டிராக்டர் ஒன்றை 3,60,000 ரூபாய்க்குப் பேசி, 1,50,000 முன்பணமும் கொடுத்தாயிற்று. மீதி 2,10,000 ரூபாயை ஆவணி முடிவதற்குள் கட்ட வேண்டும். தவறினால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும், முன்பணத்திலும் 25,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். இது விற்பவர் வைத்த கெடு. மழை வைத்திருக்கும் கெடு இன்னும் கறாரானது. ஐப்பசியில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால் நம் கரிசலில் எந்த வண்டியும் இறங்காது. இறங்கினால் ஏறாது. அப்புறம் அடுத்த மாசி வரை கையைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார வேண்டியதுதான்.

கண்மாயின் வரலாற்றை இளவட்டங்களுக்காக விவரமாக எழுத வேண்டும் என்பது குழுவில் உள்ள பெரியவர்களின் கட்டளை. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

நம்முடையது வைகைத் தண்ணீர் எட்டாத ஊர். மேலக் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக நமக்கு வரும். நமது நிறைந்தால் கீழ ஊருக்குப் போகும். சேதுபதிகள் காலத்தில் வெட்டிய கண்மாய் என்று நம் பாட்டன்மார் சொல்லி வந்தார்கள். உள்வாய் 48 ஏக்கர், அதை நம்பிய பாசன நிலமான ஆயக்கட்டு 90 ஏக்கர். மூன்று மடை. ஒவ்வொரு மடைக்கும் ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். யார் வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதில் அவர் சொன்னதுதான் சட்டம். அம்பலகாரர் வயலாக இருந்தாலும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள்.

ஆனியில் தமுக்கு அடித்தால் வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வந்து நிற்பான். பெண்கள் கூடை சுமப்பார்கள். வரத்துக்காலை மேலக் கண்மாய்வரை தூர்வாரிவிட்டுத்தான் மற்ற வேலை. இதுதான் குடிமராமத்து. 1858-ல் வெள்ளைக்காரர்கள் இதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள். ஆனால் சட்டத்துக்குப் பயந்து யாரும் வந்ததாக நம்மூரில் பேச்சில்லை. வராத வீட்டுக்காரனை ஊர் ஒரு பார்வை பார்க்கும், அது போதும். கலுங்கு பாய்ந்த வருஷம் அங்கேயே கிடா வெட்டிப் பொங்கல் வைத்து, மேலக் கண்மாய்க்காரர்களையும் கீழ ஊர்க்காரர்களையும் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கிறோம். அந்தச் சோற்றைத் தின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, கண்மாய் அரசிடம் போனது. இனி எல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணமும் அதோடு வந்தது. மண்வெட்டிகள் வீட்டு மூலைக்குப் போயின.

முள்ளின் கதை தனி. தாது வருஷப் பஞ்சத்தில் சனம் செத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1877-ல், ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பைப் பக்கம் ஊன்றினார்கள். நம் வறட்சிப் பகுதிகளில் அது பரவலானது 1950, 60களில். விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று அரசே விதையைப் பரப்பியது. அந்த மரத்தை முழுக்கத் திட்டவும் மனசு வரவில்லை. விளைச்சல் பொய்த்த வருஷங்களில் கரிமூட்டம் போட்டுத்தான் இங்கே பல வீடுகளில் உலை வைத்தோம். ஆனால் வேலிக்கு என்று வந்தது கண்மாய்க்குள் குடியேறிவிட்டது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று போட்ட புழுக்கையிலும் சாணியிலும் முளைத்து, இன்று நடு மடைக்குப் போக வழி இல்லை. போன தடவை புரவியெடுப்புக்கு மண் குதிரைகளைச் சுமந்து வந்தவர்கள் காலெல்லாம் முள் கிழித்த ரத்தத்தோடு சாமி கும்பிட்டதை மறக்க முடியுமா?

“2017-ல்தான் வெட்டினோமே, மறுபடியுமா?” என்று வெளியூரிலிருந்து கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்ட அந்தச் சமயம் ஊரே அரிவாளைத் தூக்கியது. தரையோடு தரையாக அறுத்துப் போட்டோம். இந்த மரத்தின் உயிர் தரைக்கு மேலே இல்லை. மண்ணுக்குக் கீழே ஓர் அடிக்குள் இருக்கும் தூரிலிருந்து அது திரும்பத் துளிர்க்கும். ஒற்றை மரம் நின்ற இடத்தில் பத்துக் கொம்பு கிளம்பிப் புதராகிவிடும். அதை வேரோடு பிடுங்கினாலும் வேலை முடியாது. மண்ணில் புதைந்த விதைகள் வருஷக்கணக்கில் கிடந்து, ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். ஆக ஒரு தடவை பெரிய செலவு செய்து முடித்துவிடும் வேலை இல்லை இது. முதல் வருஷம் பிடுங்க வேண்டும். அடுத்த மூன்று நான்கு வருஷம், தண்ணீர் வற்றியதும் விரல் கனத்தில் நிற்கும் கன்றுகளை உழுது புரட்ட வேண்டும். அதற்குத்தான் டிராக்டர், அதற்குத்தான் சொந்த டிராக்டர்.

வாடகைக்கு எடுத்தால் என்ன? கேட்காத ஆள் இல்லை. “முள்ளுக்காட்டுக்கு என் வண்டி வராது” என்பதுதான் பதில். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காய்ந்த கருவேல முள் டயரைத் துளைத்துவிடும், பின் டயர் ஒன்று போனால் ஒரு மாத வாடகை போச்சு.

ஜேசிபி பற்றியும் சொல்லிவிடுகிறோம். பெருத்த தூர்களைப் பிடுங்க அது வேண்டும், இதுவரை 90 மணி நேரம் ஓட்டியாயிற்று. ஆனால் அது ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி. கரையோரத்திலும் மடை வாயிலிலும் அதை விட்டால் கரை பிளக்கும். நடுவே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. அவற்றைக் காப்பாற்றி இடுக்கில் புகுந்து வரவும் அதனால் ஆகாது. நாம் பேசியிருப்பது 27 குதிரைத் திறன், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, எடை ஒரு டன் சுற்றி. கைத்தண்டு கனம் வரை உள்ள தூரைச் சுற்றி மண்ணைப் பறித்துச் சங்கிலி மாட்டினால் இது இழுத்துவிடும். முன்னால் தட்டு பொருத்தினால் முள்ளை ஒதுக்கிக் குவிக்கும். பின்னால் ஐந்து கொத்துக் கலப்பை போட்டால் பக்க வேரை மேலே கிளப்பும். சங்கிலியை எப்போதும் பின்பக்கத் தாழ்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும், உயரத்தில் மாட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கி வண்டி ஓட்டுநர்மேலேயே கவிழும். அனுபவமுள்ள ஓட்டுநரைப் பேசியிருக்கிறோம், கூலி கொஞ்சம் கூடத்தான்.

இனிக் கணக்கு. டிராக்டர் 3,60,000. முன் தட்டு 55,000. கலப்பை 22,000. சங்கிலி, கொக்கி, டயருக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் 18,000. ஜேசிபி மணிக்கு 1,300 வீதம் 120 மணி நேரத்துக்கு 1,56,000. டீசல் 40,000. ஓட்டுநர் கூலி 45 நாளுக்கு 45,000. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் 14,000. மொத்தம் 7,10,000 ரூபாய்.

வந்தது 4,28,000, இன்னும் வேண்டியது 2,82,000. வந்ததில் முன்பணமும் ஜேசிபிக்குக் கொடுத்த 1,17,000-ம் போக வங்கியில் 1,61,000 இருக்கிறது. அதை அப்படியே கொண்டுபோய்க் கட்டினாலும் வண்டிக்கே 49,000 குறைகிறது. வண்டி வந்து நின்றாலும் கலப்பையும் டீசலும் இல்லாமல் அதற்கு மாலை போட்டுக் கும்பிடத்தான் முடியும்.

“மரம் வித்த காசு எங்கே?” என்று டீக்கடையில் கேட்பவர்களுக்கு: நம்முடையது ஊராட்சி ஒன்றியத்தின் கண்மாய், அதில் நிற்கும் மரம் குழுவுக்குச் சொந்தமில்லை. அனுமதி வாங்கி, முறைப்படி ஏலம் விட்டு, பணம் அரசுக் கணக்கில் கட்டப்பட்டது. ஏலம் எடுத்தவர் கரிக்கு ஆகும் கனத்த மரத்தை ஏற்றிக்கொண்டு, தூரையும் சுள்ளியையும் நமக்கு விட்டுப் போனார். குழுவுக்கு ஒரு பைசா வரவில்லை. ஏல ரசீதின் நகல் ஊராட்சி மன்ற அலுவலகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போனால் பாவம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொன்னதால் பெயரில்லாமல் சொல்கிறோம், உங்களுக்கு யார் என்று தெரியும். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் தம்பிகள் ஓவர்டைம் காசைச் சேர்த்து 75,000 அனுப்பினார்கள். அங்கே ஐம்பது டிகிரி வெயிலில் நிற்கிறவனுக்கு இங்கே கண்மாய் நினைவு வருகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கும் பிள்ளைகள் 60,000. ஓய்வு பெற்ற நம் தலைமை ஆசிரியை அம்மா 50,000 கொடுத்ததோடு, கணக்கு நோட்டையும் வாங்கிச் சரிபார்த்து, இரண்டு இடத்தில் சிவப்பு மையால் சுழித்தும் கொடுத்தார். கட்டிக்கொடுத்து வெளியூர் போன நம் பெண்மக்கள், யாரும் கேட்காமலே, 31,500. ஊரில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரியில் அவர்களுக்குப் பங்கே கிடையாது, பிறந்த மண் என்று கொடுத்தார்கள். டீக்கடைத் தகர டப்பாவில் 6,000. ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவர் இரண்டு குட்டி விற்று 5,000. “என் ஆடு போட்ட புழுக்கையில் முளைத்தது, நானும் கொடுக்கணும்ல” என்றார். அய்யனார் கோயில் படியில் பெயர் எழுதாத ஒரு கவரில் 4,000 கிடந்தது. யார் வைத்திருந்தாலும் உங்கள் குலம் தழைக்கட்டும்.

இனி சொல்வது சிலருக்குக் கசக்கும். ஊரில் 214 தலைக்கட்டு. ஆளுக்கு 1,500 என்று பங்குனிக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினோம். கொடுத்தது 131. மீதியில் 19 வீடு கஷ்டப்படும் வீடுகள், அங்கே நாங்கள் கேட்கவும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை. மிச்சம் 64 வீடு. அவர்கள் கொடுத்தாலே 96,000 வந்துவிடும். முளைப்பாரித் திருவிழாவுக்கு வரி போட்டால் மறுநாள் காலையில் வீடு தேடி வந்து கொடுத்து ரசீது கேட்கிறோம், ரேடியோ செட்டுக்கும் ஆடலும் பாடலுக்கும் குறை வைப்பதில்லை. கண்மாய் என்றால் மட்டும் “அடுத்த வாரம் பாப்போம்” என்கிறோம். அந்த முளைப்பாரியைக் கரைக்கவே தண்ணீர் வேண்டும் ஐயா. கொடுக்காதவர்கள் பெயரைக் கோயில் வாசலில் எழுதிப் போடலாம் என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். ஆவணிக் கூட்டத்திலும் தடுப்பார்களா என்று தெரியாது.

“எனக்கு ஆயக்கட்டில் நிலம் இல்லையே” என்பவர்களும் யோசிக்கட்டும். ஊருணிக்கும், உங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஊற்று எங்கிருந்து வருகிறது? கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும், குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பது நிற்கும்.

அந்த 96,000 போக 1,86,000 ரூபாயை வெளியூர்ப் பிள்ளைகளிடம்தான் எதிர்பார்க்கிறோம். முன்பு கொடுத்தவர்களிடம் மறுபடி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது; அவர்கள், இன்னும் கொடுக்காத தங்கள் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 1,300 கொடுத்தால் ஒரு மணி நேர ஜேசிபி. 1,000 கொடுத்தால் ஓட்டுநரின் ஒரு நாள் கூலி. பணமாக முடியாதவர்கள் குவித்த முள்ளை அள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதுவும் வரவுதான், நோட்டில் எழுதுவோம்.

டிராக்டர், சங்கமாகப் பதிவு செய்த நம் குழுவின் பெயரில்தான் இருக்கும், தனி ஆள் பெயரில் அல்ல. கண்மாய் வேலை இல்லாத நாளில் சிறு விவசாயிகளுக்கு டீசல் காசும் ஓட்டுநர் கூலியும் வாங்கிக்கொண்டு உழுது கொடுப்போம். வங்கிக் கணக்கு விவரம் ஊராட்சி மன்றப் பலகையிலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. ரசீது இல்லாமல் யாரிடமும், குழுவில் இருப்பவரிடம்கூட, பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு அமாவாசையன்றும் கோயில் மண்டபத்தில் வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
கண்மாய்ச் சீரமைப்புக் குழுவினர்

பி.கு.: சங்கிலி கட்டி இழுக்கும்போது சிறுவர்களை வேடிக்கை பார்க்க அனுப்பாதீர்கள். சங்கிலி அறுந்தால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆடு வைத்திருப்போர், உழுது முடித்த பகுதியில் ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் கிடை போட வேண்டாம்.