ஓடையின் வாசலில் ஆள் அடையாளம் கேட்காதீர்கள்

செய்தித்தள நிர்வாகத்தினருக்கும் தொழில்நுட்பக் குழுவினருக்கும்,

வணக்கம். மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், விஷயம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இம்முறை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

என் சிறிய தளத்தின் ஓரத்தில் உங்கள் செய்தியோடையை, அதாவது புதுச் செய்திகளின் தலைப்பையும் சுட்டியையும் நிரல்கள் படிக்கும் வடிவில் தரும் ஆர்எஸ்எஸ் கோப்பை, வைத்திருக்கிறேன். ஐந்து தலைப்புகள், தொட்டால் உங்கள் தளத்துக்கே கொண்டுபோகும் சுட்டிகள், அவ்வளவுதான். ஆறு வருடம் ஒரு சிக்கலும் இல்லை. சென்ற மாதம் பாதுகாப்புக்காக என்று தளம் முழுவதற்கும் ஒரு சோதனையைப் போட்டீர்கள். அன்றிலிருந்து என் சர்வர் போய் ஓடையைக் கேட்டால், ஓடை எழுதப்பட்டிருக்கும் எக்ஸ்எம்எல் வருவதில்லை. ‘நீங்கள் மனிதர்தானா என்று சரிபார்க்கிறோம்’ என்று ஒரு எச்டிஎம்எல் பக்கம் வருகிறது.

மனிதர் இல்லைதான். நிரல்கள் வந்து படிக்கட்டும் என்றுதானே ஓடையே வைப்பது?

புதிதாக ஒன்றும் கிடைக்காவிட்டால், ஓடையை எடுத்துவரும் சிறு நிரலான என் ஸ்கிரிப்ட் சேமித்து வைத்த பழைய தலைப்புகளையே காட்டும். அதனால் ‘நாளை கனமழைக்கு வாய்ப்பு’ என்ற உங்கள் தலைப்பு என் பக்கத்தில் ஒன்பது நாள் நின்றது. ‘உங்கள் தளத்தில் நாளை என்றைக்குத்தான் வரும்?’ என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பிறகுதான் கவனித்தேன். ஓடையில் வரும் வெளியீட்டுத் தேதியைத் தலைப்புக்குப் பக்கத்தில் காட்டாமல் விட்டது என் தவறு. அதைத் திருத்திவிட்டேன். உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது.

உங்கள் உதவி மையத்திலிருந்து வந்த பதில்: ‘ப்ரவுசரில் திறந்து பார்த்தோம், சரியாகத் திறக்கிறது. குக்கீ, கேஷ் அழித்துவிட்டு முயலவும்.’ ப்ரவுசரில் திறக்கும் ஐயா, உங்கள் சோதனைக்கு வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் அதில் ஓடுகிறது, என் ஸ்கிரிப்ட்டில் ஓடாது. மணிக்கு ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போகும் ஸ்கிரிப்ட்டில் எந்தக் குக்கீயை அழிப்பது?

சர்வருக்குச் சுமை என்று நினைத்தீர்களானால், என் ஸ்கிரிப்ட் ‘கடைசியாக நான் பார்த்த பிறகு மாறியிருக்கிறதா’ என்றுதான் கேட்கிறது. மாறவில்லை என்றால் நீங்கள் 304 (‘மாறவில்லை’ என்பதற்கான குறியீடு) என்று சொல்லி அனுப்பிவிடலாம், ஓடையை முழுதாகத் தர வேண்டியதில்லை. யார் கேட்பது என்று தெரிய, கேட்கும் நிரல் தன்னை அறிமுகப்படுத்தும் யூசர் ஏஜென்ட் வரியில் என் தள முகவரியையும் போட்டிருக்கிறேன். அந்தச் சோதனைப் பக்கத்தை ஒவ்வொரு தடவையும் முழுசாக அனுப்புவதுதான் வீண் சுமை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஓடை முகவரியை மட்டும் அந்தச் சோதனையிலிருந்து விலக்குங்கள். ஒரே ஒரு விதி எழுதினால் போதும்.

எழுதத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. உங்கள் பாட்காஸ்ட்டும் ஆர்எஸ்எஸ் ஓடை வழியாகத்தான் செயலிகளுக்குப் போகிறது. அதன் வாசலில் யாரும் யாரையும் மனிதரா என்று கேட்கவில்லை, நேற்றும் பார்த்தேன். செய்தியோடைக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை? அதிலும் முகப்புப் பக்கத்தின் மூலநிரலில் ‘ஓடை இங்கே இருக்கிறது’ என்று அறிவிக்கும் வரி இன்னும் அப்படியே இருக்கிறது. பத்திரிகை வைத்து அழைத்துவிட்டுக் கதவைத் தாழிட்ட கதை.

உங்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. 2013 ஜூலையில், ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடினார்கள். 2018 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசரின் 64ஆம் பதிப்பு ஓடை படிக்கும் வசதியையே எடுத்துவிட்டது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் சமூக ஊடகத்தில் பின்தொடரச் சொல்கிறார்கள். பின்தொடர்ந்தால் நமக்கு எதைக் காட்டுவது என்பதை அல்காரிதம் முடிவு செய்யும். வந்ததை வந்த வரிசையில் கொடுக்கும் ஓடை இவர்கள் கண்ணுக்குப் பழைய சாமான்!

சரி, கோபம் வேறு பக்கம் போய்விட்டது, மன்னியுங்கள். தயவுசெய்து ஓடை முகவரிக்கு விலக்கு கொடுங்கள். கொடுத்த பிறகு ப்ரவுசரில் பார்க்காமல், ப்ரவுசர் இல்லாமலே ஒரு முகவரியிலிருந்து எடுத்துக் காட்டும் கர்ல் (curl) கட்டளையில் அந்த முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். ஓடை வந்தால் வேலை முடிந்தது, எனக்குப் பதில்கூட எழுத வேண்டாம். என் ஸ்கிரிப்ட் இப்போதும் மணிக்கு ஒருமுறை வந்து தட்டிக்கொண்டுதான் இருக்கிறது, அதுவே தெரிந்துகொள்ளும்.

இப்படிக்கு,
உங்கள் ஓடையை நம்பி ஓரத்தில் ஐந்து வரி இடம் ஒதுக்கிய தளக்காரன்