கோபத்தைத் தள்ளிப்போடுங்கள், பிறகு பேசியே தீருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சக ஊழியரோடு தகராறு என்று யார் வந்து நின்றாலும் நாம் சட்டென்று சொல்வது "கோபத்தை அடக்கிக்கோ" என்பதுதான். பணியிடத் தகராறுகளைக் கையாளும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அடக்கிய கோபம் ஆறு மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன விஷயத்தில், பத்துப் பேர் முன்னால் வெடிக்கிறது. கோபத்தைத் தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்டதைச் சொன்ன நேரத்தில் பேசியே தீர வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் பலன் இல்லை.

கோபம் வருவதை முதலில் காட்டிக்கொடுப்பது உடம்பு. தாடை இறுகும், காது சூடேறும், விசைப்பலகையில் விரல் ஓங்கி விழும், வந்த மெயிலில் அதே ஒரு வரியை நாலாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்போம். தம்பதியர் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாகக் காதில் ஏறாது, உடல் தணியக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும் என்கிறார். அலுவலகத்திலும் உடம்பு அதே உடம்புதான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்து பேசினால் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் வாயைத் திறக்காமல் விருட்டென்று எழுந்து போகக் கூடாது. அது அவமதிப்பாகத்தான் தெரியும். "இதை இப்ப பேசினா சரியா வராதுங்க, மூணரை மணிக்கு உட்கார்ந்து பேசலாமா?" என்று மணியைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த மூன்றரை மணிதான் முக்கியம்.

அந்த இடைவெளியை எப்படிக் கழிக்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் "கொட்டித் தீர்த்தால்" மனசு லேசாகும் என்று நம்புகிறோம். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட சோதனையில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். நடந்ததையே மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது கோபத்துக்கு விறகு வைப்பது. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை விடும் நேரம் நீளும்போது துடிப்பு இறங்கும். மீதி நேரத்தில் கோப்புகளை அடுக்குவது மாதிரி யோசனை தேவைப்படாத ஒரு வேலை.

மெயிலில் மட்டும் சண்டை போடாதீர்கள். எழுத்துக்குக் குரல் கிடையாது. உளவியலாளர்கள் குரூகர், எப்லி உள்ளிட்டோர் 2005-ல் நடத்திய ஆய்வில், தாங்கள் எழுதியது கேலியா, நிஜமா என்பதை படிப்பவர்கள் நூற்றுக்கு 78 முறை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். புரிந்தது 56 முறைதான், கிட்டத்தட்ட பூவா தலையா. பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் பெறுநர் முகவரியை அழித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். கை தவறினாலும் போகாது.

பேசும்போது மூன்று விஷயம் போதும்: நடந்தது, அதன் விளைவு, இனி என்ன வேண்டும். "செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் பத்து மணிக்கு வரும்னு சொன்னீங்க, மூணு மணிக்குத்தான் வந்துது. அதுக்குள்ள நான் பழைய கணக்கை அனுப்பிட்டேன். இனிமே தாமதமாகும்னா பத்து மணிக்கே ஒரு வார்த்தை சொல்லிடுங்க." இதையே "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால், அவர் சரியான நேரத்தில் தந்த ஒரு நாளைத் தேடி எடுத்துக் காட்டுவார், பேச்சு ரிப்போர்ட்டை விட்டு "எப்பவுமே" என்ற சொல்லுக்குப் போய்விடும். போன வருஷத்துக் கணக்கையும் சேர்த்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். பெரும்பாலும் தெரியவருவது, இரண்டு மேலதிகாரிகள் அவருக்கு இரண்டு வேலைகளை "இதுதான் அவசரம்" என்று தந்திருக்கிறார்கள் என்பது. அப்படியானால் இருவரும் சேர்ந்தே மேலாளரிடம் போங்கள்.

ஏற்கெனவே கத்தியாகிவிட்டது என்றால் அன்றைக்கே, யார் முன்னால் கத்தினோமோ அவர்கள் முன்னாலேயே மன்னிப்பு. "குரலை உயர்த்தினது தப்பு" என்பதோடு நிறுத்த வேண்டும். பின்னாலேயே ஓர் "ஆனா" வந்தால் கேட்ட மன்னிப்பு காற்றோடு போனது. விஷயத்தைத் தனியாகப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மிரட்டல், கை ஓங்குதல், பாலியல் சீண்டல் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. அவற்றைத் தனியாக உட்கார்ந்து பேசித் தீர்க்கச் சொல்வதே தவறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019-ஆம் ஆண்டு 190-வது உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்தாலும் அது துன்புறுத்தலாகலாம் என்கிறது. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து, எழுத்துமூலம் புகார் தர வேண்டும்.

மேலாளர்களுக்கும் ஒன்று. இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு "கை குலுக்கிக்கோங்க" என்று அனுப்பிவைக்காதீர்கள். முதலில் தனித்தனியாக அரை மணி நேரம் கேளுங்கள். பிறகு சேர்த்து உட்காரவைத்து, யார் எதை எத்தனை மணிக்குத் தர வேண்டும் என்று எழுதி இருவரிடமும் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

இப்படிக்கு,
பணியிட ஆலோசகர் ஒருவர்