கடற்கரை பொதுச்சொத்து, அதற்குப் போகும் வழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவான்மியூருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் 26 ஆண்டுகளாகக் குடியிருப்பவன் நான். எங்கள் பகுதியில் இரண்டு மதில்களுக்கு நடுவே, மாட்டுவண்டி போகும் அகலத்தில், கடலுக்கு இறங்கும் மண்பாதை ஒன்று இருந்தது. விடியற்காலையில் நடப்பவர்களும், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார்களும், வலை சுமந்து செல்லும் மீனவர்களும் அந்த ஒரே பாதையில்தான் போய்வந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதன் வாயிலில் இரும்புக் கதவு போட்டுக் காவலாளி ஒருவரை நிறுத்தினார்கள். இப்போது கடலுக்குப் போக ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருப்பதால், மூட்டுவலியுள்ள என் மனைவி கடற்கரைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

கடற்கரை யாருக்குச் சொந்தம் என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. கடல் ஏறிவந்து தொடும் உயர் ஓதக் கோட்டுக்குக் கீழேயுள்ள கடற்படுகை அரசின் சொத்து என்று 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே சொல்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றோர விடுதி தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு போன்றவற்றை அரசு மக்களின் அறங்காவலராகவே வைத்திருக்கிறது என்றும், அவற்றைத் தனியார் உடைமையாக மாற்றிவிட முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. ஆனால் மணல் எல்லோருக்கும் பொது என்று எழுதிவைத்துவிட்டு, அந்த மணலுக்குப் போகும் வழியெல்லாம் பட்டா நிலமாக அடைபட்டுக் கிடந்தால், எழுதிய உரிமையால் யாருக்கு என்ன பயன்?

இதை உணர்ந்துதான், கடலோரக் கட்டுமானங்களை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் கடற்கரை விடுதிகளுக்கென ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. இரண்டு விடுதிகளுக்கு இடையே பொதுமக்கள் கடலுக்குச் செல்லக் குறைந்தது 20 மீட்டர் அகல இடைவெளி விடப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. வேலி போட்டாலும் அது மக்கள் கடற்கரைக்குச் செல்வதை எவ்வகையிலும் தடுக்கக் கூடாது என்றும் அந்த அறிவிக்கை சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் 20 மீட்டர் இடைவெளி விடுதிகளுக்கு மட்டுமே உரியது. நீலாங்கரையிலிருந்து கோவளம் வரை கடலை மறைத்து நிற்பவற்றில் பெரும்பாலானவை விடுதிகள் அல்ல, வரிசையாக எழுந்த தனிவீடுகளும் பண்ணை வீடுகளும் மனைப்பிரிவுகளும்தான். ஒவ்வொரு மதிலும் தனித்தனியே சட்டப்படி சரியாக இருக்கலாம்; அவை அனைத்தும் சேர்ந்து ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒரே சுவராகிவிட்டதை எந்த விதியும் கணக்கில் எடுக்கவில்லை.

அதைவிட வருத்தம் தருவது, உண்மையில் தனியாருடையதே அல்லாத பாதைகளும் அடைக்கப்படுவதுதான். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு ஒப்படைக்கப்படுகின்றன. ஒப்படைத்த நாளிலிருந்து அவை தெருக்கள். குடியிருப்போர் நலச்சங்கம் கதவு போட்டுப் பூட்டுவதற்கு அதில் உரிமை கிடையாது. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று குறிக்கப்பட்ட புறம்போக்கும் அப்படியே. பட்டா நிலத்தின் குறுக்கே போகும் பாதை எது, பொதுப்பாதை எது என்று மக்களுக்குத் தெரியாததே கதவு போடுபவர்களுக்குப் பெரிய துணையாக இருக்கிறது.

வீட்டு உரிமையாளர்களின் குறையையும் நான் அறிவேன். மதிலோரம் மது அருந்துகிறார்கள், குப்பை போடுகிறார்கள், நள்ளிரவில் கூச்சலிடுகிறார்கள் என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. அதற்குக் காவல்துறையின் ரோந்தும் குப்பைத் தொட்டியும் விளக்கும் வேண்டும். தவறு செய்யும் பத்துப் பேருக்காக ஊரையே வெளியே நிறுத்துவது நியாயமாகாது. ஸ்காட்லாந்தில் 2003-இல் இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான தனியார் நிலங்களில்கூட நடக்கலாம் என்று உரிமை தந்திருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள இடத்துக்கும் பயிர் நிற்கும் நிலத்துக்கும் அதில் விலக்கு உண்டு. நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. யாருடைய தோட்டத்திலும் உலவ வேண்டாம். எங்கள் கடலுக்குப் போக ஒரு சந்து போதும்.

நடைப்பயிற்சிக்காரர்களின் பொழுதுபோக்குக் கோரிக்கையாக மட்டும் இதைக் கருதிவிடக் கூடாது. குப்பத்து மீனவர்களுக்கு அந்தப் பாதை பிழைப்பு. படகு எஞ்சினைத் தூக்கிப் போவதும் பிடித்த மீனைச் சாலைக்குக் கொண்டுவருவதும் அதன் வழியேதான். ஆகவே பாதையைத் திறக்கிறோம் என்று சொல்லி, அவர்கள் வலை உலர்த்தும் இடத்தை வாகன நிறுத்துமிடமாக்குவதும் தவறாகும்.

சென்னை, செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர்கள், கடலுக்குச் செல்லும் பொதுப்பாதைகள் அனைத்தையும் சர்வே எண்ணோடு பட்டியலிட்டு வெளியிட வேண்டும் என்றும், ஒவ்வொன்றின் முகப்பிலும் 'கடற்கரைக்குப் பொதுவழி' என்ற பலகையை உள்ளாட்சி அமைப்புகள் நட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் கடலோர மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும்போது, விடுதிகளுக்குள்ள இடைவெளி நிபந்தனையை அவற்றுக்கும் விதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடலோர வாசகர் ஒருவர்,
சென்னை.