காலர் 14 அங்குலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேதாரண்யம் பக்கம் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பழைய அளவு நோட்டை எடைக்குப் போடும் பழக்கம் எனக்கில்லை. போன வருடம் அக்கா மகளின் பள்ளிச் சீருடைக்குக் காலர் 12½ அங்குலம். இந்த ஜூன் மாதம் அதே பிள்ளைக்கு 14. தோளும் இடுப்பும் அப்படியே இருக்க, கழுத்து மட்டும் எப்படிக் கூடும்? நிமிர்ந்து பார்த்தால் குரல்வளைக்குக் கீழே இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. "ஒரு மடக்குத் தண்ணி குடி" என்றேன். விழுங்கும்போது வீக்கமும் கூடவே ஏறி இறங்கியது.

"வளர்ற புள்ள, சதை வச்சிருக்கு" என்றாள் அக்கா. அந்தப் பிள்ளையோ சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்தச் சொல்வாள். புத்தகத்தை விரித்ததும் தூக்கம். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மாதவிலக்கு தள்ளிப்போனது. ஒரு வருடமாகச் சோம்பேறி என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

ரத்தம் சோதித்ததில், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். ஏகத்துக்கும் அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறதாம். 1912-ல் இதைப் பற்றி எழுதிய ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ பெயரில்தான் இந்த நோய் இருக்கிறது. சுரப்பி சோர்ந்துபோக, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி 'இன்னும் சுர' என்று டி.எஸ்.எச்.சை அனுப்பி விரட்டுகிறது. வீக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

தெருவே எங்கள் வீட்டுக் கல்லுப்பைக் குறை சொன்னது. அளத்து உப்பு மூட்டையாக இறங்கும் ஊர் இது. அயோடின் குறைந்தாலும் கழுத்து வீங்கும் என்பது உண்மைதான். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 முதல் தடையும் இருக்கிறது. ஆனால் இவளுக்கு வந்தது உப்பால் அல்ல. அயோடினை அளவுக்கு மீறிச் சேர்த்தால் இந்த நோய் கூடவும் கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். இன்னும் சிலருக்குச் சுரப்பி அதிகமாகச் சுரந்து படபடப்பும் கைநடுக்கமும் வரும், உடம்பு இளைக்கும். சிலருக்குக் கட்டி. குரல் கம்மினாலோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானாலோ நாள் தள்ளக் கூடாது. வீக்கத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது, சோதித்தால்தான் தெரியும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே காபியால்தான். ஆறு வாரம் தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. விசாரித்தால், பிள்ளை தினமும் காலைக் காபியோடு விழுங்கியிருக்கிறாள். சோகைக்குக் கொடுத்த இரும்பு மாத்திரையும் அதோடு சேர்த்து! இரண்டுமே தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி, இரும்பு மாத்திரை ராத்திரிக்கு. அடுத்த சோதனையில் டி.எஸ்.எச். பாதிக்கும் கீழே வந்துவிட்டது. போன வாரம் டேப் வைத்துப் பார்த்தேன், 13¾. மருந்துக்கடைக்காரர்கள் அட்டையின் மேல் 'வெறும் வயிறு, காபிக்கு முன்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கழுத்து தெரியாம தைங்கக்கா" என்று கேட்டு வந்தவர்களுக்கு, ஏன் என்று கேட்காமலே இத்தனை வருடம் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஜூனுக்குப் பிறகு மூன்று பேரைக் கண்ணாடி முன் நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருத்தி வேறு தையல் கடைக்குப் போய்விட்டாள்.

இப்படிக்கு,
ஒரு தையற்கடை வாசகி,
வேதாரண்யம் வட்டம்.