சுவரைத் தடவாத கை

வீட்டுக்கு உதவிய எல்லோருக்கும்,

போன வாரம் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். அரைத்தூக்கத்தில் நடந்து போய், விளக்கைப் போட்டு, குடித்துவிட்டு வந்து படுத்தேன். படுத்த பிறகுதான் உறைத்தது: சுவிட்சைத் தேடிக் கை சுவரைத் தடவவே இல்லை. குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. இது எங்கள் வீடு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. கூடவே உங்கள் முகங்களும் ஞாபகத்துக்கு வந்தன. தனித்தனியாகச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன், அதனால்தான் இந்த மடல்.

முதல் சில வாரம் நான் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியாது. ஆசைப்பட்டுப் பிடித்த வீட்டைப் பற்றி எப்படிக் குறை சொல்வது? தூக்கமே பிடிக்கவில்லை. எங்காவது ஒரு கதவு கிரீச்சிட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இதைக் கேட்டுச் சிரித்த தோழிக்கு முதல் நன்றி. புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி சரியாகத் தூங்காமல் காவல் இருக்குமாம். பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஆட்களைத் தூங்கவைத்துப் பார்த்து 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள். “உன் இடது பாதி இன்னும் குடிவரவில்லை, அவ்வளவுதான்” என்றாள். முதல் இரவுக்கான கணக்கு எனக்கு எப்படி மூன்று வாரம் நீண்டது என்று அவளும் சொல்லவில்லை. ஆனால் பயம் போனது.

அடுத்தது எதிரொலி. காலி அறையில் பேசினால் என் குரலே யாரோ பேசுவது போலத் திரும்பி வந்தது. வெறும் சுவரும் தரையும் ஒலியை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடும். அத்தை திரைச்சீலை தைக்க ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி கேட்டபோது வீண் செலவு என்று முணுமுணுத்தேன். “மடிப்பு விழணும்டா, சத்தத்தை அதுதான் குடிக்கும்” என்றார். மாட்டி முடித்து, ஏணியில் நின்றபடியே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். குரல் திரும்பி வரவில்லை. முணுமுணுத்ததற்கு மன்னிப்பு, அத்தை.

பெட்டி தூக்கிய நண்பர்களே, உங்களுக்கும் நன்றி. எல்லாப் பெட்டியிலும் ‘சமையலறை’ என்று எழுதிய புண்ணியவானைத் தவிர. சரி, அவனுக்கும்.

எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கட்டில் வரும் முன்பே வயரிங் வேலைக்கு வந்தவர், கட்டில் வரப்போகும் இடத்தில் என்னை வெறும் தரையில் படுக்கச் சொன்னார். “கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க.” கை போன இடத்துக்கு நேராக, கட்டில் உயரத்தையும் கணக்குப் பண்ணி, சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். கதவருகே ஒன்று, அந்த வட்டத்தில் ஒன்று என்று ஒரே விளக்குக்கு இரண்டு சுவிட்ச். நான் வாங்கி வைத்திருந்த 6500 கெல்வின் வெள்ளை பல்பைப் பார்த்து, “இது படிக்கிற மேசைக்கு, படுக்கிற அறைக்கு 2700 போடுங்க” என்று மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டார். படங்களைப் பார்த்து மயங்கி நான் வாங்கிய அலங்கார விளக்கு இன்னும் அட்டைப்பெட்டியில்தான் கிடக்கிறது.

இதற்கு முன் இங்கே இருந்தவர்களை நான் பார்த்ததில்லை. அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்: “குளியலறைக் கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளவும். சுடுதண்ணீர் வலது பக்கக் குழாயில். மழை வந்தால் கூடத்து ஜன்னலை முதலில் மூடவும்.” எத்தனை வருடம் வாழ்ந்து கற்றதோ, மூன்று வரியில் கிடைத்துவிட்டது. நிலைக்கதவில் அவர்கள் வீட்டுப் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலில் கோடு கோடாகக் குறித்திருந்தார்கள். “அடிச்சிடலாமா, விட்டுடலாமா?” என்று கேட்டுவிட்டு, அதைச் சுற்றி மட்டும் பூசிய பெயிண்டருக்குத் தனி நன்றி. இப்போது பக்கத்திலேயே என் மகளின் கோடுகளும் ஏறுகின்றன. முகம் தெரியாத அந்தப் பிள்ளையை முந்த இன்னும் நாலு விரற்கடை இருக்கிறது. வாரம் ஒருமுறை அளக்கச் சொல்லி உயிரை வாங்குகிறாள்.

அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஒருநாள் இரவு விளக்கு எரியவில்லை என்று மறுநாள் காலையிலேயே வந்து கதவைத் தட்டினார். சும்மா சீக்கிரம் படுத்துவிட்டோம், வேறொன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஜன்னலை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்த அன்றே மாற்றுச்சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

சாமான்கள் எல்லாம் இடம் பிடித்துவிட்டன. எல்லோரும் ஒருமுறை வாருங்கள், சொல்லிவிட்டு வர வேண்டும் என்றில்லை. குளியலறைக் கதவை மட்டும் கொஞ்சம் தூக்கித் தள்ளுங்கள்.