சந்திக் கடவையும் கோடுகளும்: வேலை நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சனசமூக நிலையம் பொறுப்பெடுத்த பாடசாலைச் சந்தி வேலை முடிந்துவிட்டது. புதிதாக இரண்டு பாதசாரிக் கடவைகளும் நான்கு நிறுத்தற்கோடுகளும் போட்டோம். முடக்கில் இருந்த பழைய மஞ்சள் கடவையைச் சுரண்டி எடுத்தோம். மதகுக் கட்டுகளுக்குக் கறுப்பு வெள்ளை அடித்தாயிற்று. செய்த வேலை இவ்வளவுதான். ஆனால் 285,000 ரூபாவில் முடியும் என்று பொதுக்கூட்டத்தில் சொன்ன வேலை 372,000 ரூபாவில் வந்து நிற்கிறது. மிச்சம் 87,000 ரூபா எங்கே போனது என்று தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் கேட்கிறீர்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது செயலாளர் என்ற முறையில் என் கடமை. அதனால் இந்த அறிக்கை கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அனுமதி விஷயம். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும் உரியவை. பலாலி வீதியில் இருந்து உள்ளே வரும் எங்கள் வீதி பிரதேச சபையினுடையது. எழுத்தில் அனுமதி எடுத்த பிறகுதான் ஒரு கோடாவது போட்டோம். கடவை எந்த இடத்தில் வரவேண்டும் என்பதையும் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரே வந்து அளந்து சோக்கால் கீறித் தந்தார். "பழைய இடத்திலேயே போட்டிருக்கலாமே" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். பழைய கடவை முடக்குக்கு மிகவும் கிட்ட இருந்தது. மதிலுக்கு அப்பால் பிள்ளை நிற்பது திரும்பி வருகிற சாரதிக்குத் தெரியாது. புதியது அங்கிருந்து 12 மீற்றர் தள்ளி, இரண்டு பக்கமும் பார்வை எட்டும் இடத்தில் இருக்கிறது.

ஆனால் கடவை இடம் மாறினால் பழையது இல்லாமல் போகவேண்டும். எல்லாப் பிரச்சினையும் இதிலிருந்துதான் தொடங்கியது.

முதல் ஒப்பந்தகாரர் மூன்று விலைகளில் குறைந்த விலை தந்தவர். பழையதைச் சுரண்டி எடுப்பது, தெர்மோபிளாஸ்ரிக்கில் (தூளை உருக்கிச் சூடாக ஊற்றும் வீதிக்கோட்டுக் கலவை) புதியது போடுவது, இரண்டுக்கும் சேர்த்து 285,000 ரூபா என்று கையெழுத்து வைத்தார். 90,000 ரூபா முற்பணம் கொடுத்தோம். சித்திரை விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை ஆட்களோடு வந்தார். பத்து மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது பழைய மஞ்சள் கோடுகளைக் காணவில்லை. அதற்குள் சுரண்டி முடித்துவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டேன். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். விரல் கறுப்பானது. மஞ்சளுக்கு மேலே கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள்.

"எல்லா இடமும் இப்பிடித்தானே செய்யினம் ஐயா, தார் நிறம்தானே" என்றார் அவர். பகலில் பார்த்தால் அவர் சொன்னது சரி போலத்தான் இருந்தது. அன்றைக்கே அவரைத் திட்டி அனுப்பவில்லை என்று என்மேல் சிலருக்குக் கோபம். மூன்று நாள் கழித்து மாலை மழை ஒன்று பெய்தது. ஏழு மணிக்குப் பொருளாளரும் நானும் குடையோடு முடக்கில் போய் நின்றோம். ஓட்டோ ஒன்று வெளிச்சத்தோடு திரும்பியது. ஈரத் தாரில் வெளிச்சம் விழுந்ததும் கறுப்புப் பெயின்ற் தாரைவிடப் பளபளத்துப் பட்டை பட்டையாக எழுந்து நின்றது. கடவை இருந்த இடத்தில் கடவையே தெரிந்தது, நிறம் மட்டும்தான் வேறு. ஓட்டோக்காரத் தம்பி அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அப்புறம் உண்மையான கடவை வரும் இடத்தில் வேகத்தைக் கூட்டிப் போனார். இனி இதற்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே நாங்கள் இருவரும் முடிவெடுத்தோம். நிர்வாக சபையைக் கேட்காமல் எடுத்த முடிவு அது. இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே சொல்வேன். கறுப்பு பூசி மறைத்த கோடு வண்டிச் சில்லுகள் ஏற ஏறத் தேய்ந்து போகும், அடியில் இருந்த மஞ்சள் திரும்ப வெளியே வரும். ஒரு சந்தியில் இரண்டு கடவை தெரிந்தால் பிள்ளை ஒன்றில் இறங்கும், சாரதி மற்றதைப் பார்ப்பார்.

ஒப்பந்தகாரர் வேலையை விட்டுவிட்டு முற்பணத்தோடு போய்விட்டார். பிறகு நடந்த பேச்சுவார்த்தைகளை முழுதாக எழுதினால் இன்னும் நாலு பக்கம் வேண்டும். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற அதிபர், பொறுமைசாலி. அவர் மூன்று தடவை நேரில் போய்ப் பேசினார். கடைசியில் 40,000 ரூபா இரண்டு தவணையாகத் திரும்பி வந்தது. 50,000 ரூபா போனது போனதுதான். பொலிஸுக்குப் போயிருக்கலாம், வழக்குப் போட்டிருக்கலாம் என்கிறீர்கள். வழக்கு முடியும் வரை கறுப்புக் கடவையை அப்படியே விட்டுவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இரண்டாவதாக வந்தவர்கள் மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு. வந்த லொறியைத் தவிர, கோடு போடும் பெரிய வண்டி எதுவும் இல்லை. காஸில் எரியும் உருக்குச் சட்டி ஒன்று, கையால் இழுக்கும் பெட்டி ஒன்று, தள்ளிக்கொண்டு போகும் சுரண்டு இயந்திரம் ஒன்று, இவைதான் அவர்களிடம் இருந்தன. குழுவின் மூத்தவர் முதல் நாள் வேலை எதையும் தொடாமல் இரண்டு மணி நேரம் சந்தியில் நின்று வாகனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு நின்று வேடிக்கை பார்க்கிறார் என்று ஒரு அங்கத்தவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் எந்தப் பாதியை எப்போது மூடுவது என்று அவர் முடிவுசெய்தார்.

வேலை நாட்களில் வீதியில் பாதியை மூடி மறுபாதியால் வாகனங்களை விட்டோம். இரண்டு முனையிலும் 50 மீற்றர் முன்னால் அறிவிப்புப் பலகை, அதற்குப் பிறகு கூம்புகள், ஒவ்வொரு முனையிலும் கொடியோடு ஒருவர். வேலை செய்பவர்களுக்கும் வாகனம் வரும் பக்கத்துக்கும் நடுவே குழுவின் லொறியைக் குறுக்கே நிறுத்தினோம். கொடி பிடித்தவர்கள் எங்கள் இளைஞர் அணியினர். வெயிலில் ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க விடவில்லை. குனிந்து வேலை செய்பவர் வாகனம் வரும் திசைக்கு முதுகைக் காட்டக்கூடாது என்பதையும் மூத்தவர் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டார். கூம்புகள், ஒளிரும் மேலங்கிகள், தோல் கையுறைகள், முகக் கவசங்கள், தூசு முகமூடிகள், தீயணைப்பான் ஒன்று, எல்லாம் சேர்த்து 34,000 ரூபா. முதல் மதிப்பீட்டில் இதற்கு ஒரு சதமும் வைக்காதது எங்கள் பிழை. ஆடம்பரம் என்று சொன்னவர்கள் தயவுசெய்து தொடர்ந்து வாசியுங்கள்.

சுரண்டும் வேலைதான் அதிக நாள் எடுத்தது. காஸ் சுவாலையால் எரித்து எடுத்தால் சுலபம் என்று பலர் சொன்னார்கள். எரித்தால் தார் இளகி றோட்டு பள்ளமாகும். அதோடு பழைய மஞ்சள் வீதிப் பெயின்ற்றுகளில் ஈயம் கலந்த நிறமி பரவலாகச் சேர்க்கப்பட்டது. அதை எரிப்பதும் உலர்ந்தபடி தேய்ப்பதும் மூச்சுக்குக் கேடு. றோட்டுக் கல்லின் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். ஆகவே தண்ணீர் தெளித்துத் தெளித்தே சுரண்டினார்கள். இயந்திரம் எட்டாத ஓரங்களை உளியாலும் கம்பித் தூரிகையாலும் எடுத்தார்கள். வந்த சேற்றைக் கூட்டி அள்ளிப் பைகளில் கட்டிச் சபையிடம் கொடுத்தோம். வாய்க்காலில் தள்ளிவிட்டிருந்தால் இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும். ஆனால் நாங்கள் எல்லோரும் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேர நாளாகாது.

முடக்கில் இப்போது ஒரு பெரிய நீள்சதுரம் வெளிறித் தெரிகிறதே, கோடு இருந்த இடத்தை மட்டும் சுரண்டியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். கோட்டை மட்டும் சுரண்டினால் சுரண்டிய தடமே கோடாகத் தெரியும். பட்டைகளின் வடிவம் அழியவேண்டும் என்பதற்காகவே இடைவெளிகளையும் சேர்த்து ஒரே கட்டமாக, ஆழம் போகாமல் சுரண்டினோம்.

புதிய கடவை ஆவணிப் பாடசாலை விடுமுறையில் போடப்பட்டது. ஐப்பசி மழைக்கு முன் முடிக்கவேண்டும், திருவிழா நாட்களிலும் கை வைக்க முடியாது. எங்களுக்கு இருந்தது அந்த இடைவெளி மட்டும்தான். ஆனால் அது சோழகக் காற்றுக் காலம்.

விடியற்காலையில் மூத்தவர் ஒரு பொலித்தீன் துண்டை றோட்டில் விரித்து நாலு பக்கமும் ரேப் ஒட்டினார். கால் மணி நேரம் கழித்து மெல்ல உரித்து என்னிடம் காட்டினார். உட்பக்கம் முழுவதும் ஊசிமுனை அளவில் நீர்த்துளிகள். கண்ணுக்குக் காய்ந்த றோட்டு, ஆனால் உள்ளே ஈரம். இதன்மேல் சூடாக ஊற்றினால் நீராவி கிளம்பிக் கோடெல்லாம் பொத்தல் விழும் என்றார். ஒன்பது மணிக்கு மேல் மறுபடி ஒட்டிப் பார்த்துத் துளி இல்லை என்ற பிறகுதான் அடிப்பூச்சே பூசினார்கள். ஆட்கள் காலை முழுக்க மர நிழலில் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டின் கதை இது.

காஸ் குழாய் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தபின் சட்டியை மூட்டினார்கள். தூள் உருகி 180 முதல் 200 பாகை செல்சியஸுக்குள் நிற்கவேண்டும். காற்று சுவாலையை ஒரு பக்கம் சாய்த்தது. அதை மறைக்க நாங்கள் தென்னோலைக் கிடுகு கொண்டுபோனோம். மூத்தவர் அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "தம்பிமாரே, இதை நெருப்புக்குப் பக்கத்தில கொண்டு வராதேங்கோ" என்றார். தகரம் வைத்து மறைத்தோம். அதற்குள் முதல் சட்டி அடிப்பிடித்துப் பழுப்பாகிவிட்டது. வெள்ளையோடு கலந்து போட்டால் தெரியாது என்று ஒருவர் சொன்னார். கருகிய கலவை வெடித்து உதிரும். 25 கிலோவையும் கொட்டச் சொன்னது நான்தான். கணக்குப்படி வேண்டியது ஆறு பை, வாங்கியது எட்டு. ஒன்று இப்படிப் போனது, மற்றது களஞ்சியத்தில் இருக்கிறது.

ஊற்றிப் பெட்டியை இழுத்தால் 3 மில்லிமீற்றர் தடிப்பில் பட்டை விழும். அது ஆறுவதற்குள் கண்ணாடி மணிகளைத் தூவவேண்டும். இரவில் வாகன வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பவை அந்த மணிகள்தான். பாதி புதைந்து பாதி வெளியே நிற்கவேண்டும். பிந்தினால் ஒட்டாது. சீனியைவிடப் பொடி என்பதால் காற்று அள்ளிக்கொண்டு போகும். நெருப்பில்லாத பக்கத்தில் கிடுகுக்கு வேலை வந்தது. இரண்டு பேர் பட்டையோடு பட்டையாகக் கிடுகைப் பிடித்து நகர, ஒருவர் முழங்கால் உயரத்தில் இருந்து தூவினார். மணிகளோடு கரடான கல்மணலும் சேர்த்தோம். இது எங்கள் பகுதி மூத்தவர்கள் கேட்டது. அரைவாசிப் பேர் சைக்கிளில் போகிற ஊர், மழையில் வழுவழுப்பான வெள்ளைக் கோடு வழுக்கும். அவர்கள் கேட்டது நியாயம்.

இரண்டாம் நாள் மதியம் சட்டியில் இருந்து பெட்டிக்கு ஊற்றும்போது கலவை தெறித்தது. ஒரு தம்பியின் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையில், ஒரு விரல் அகலத்தில் பட்டு ஒட்டிக்கொண்டது. அவர் அலறியபடி அதை உரிக்கப் போனார். மூத்தவர் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து குழாய்த் தண்ணீருக்குக் கீழே வைத்து, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒட்டியதை உரிக்க விடவில்லை, உரித்தால் தோலும் சேர்ந்து வரும். ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். காசளவு வடு இருக்கிறது, கை நலம். முகக் கவசத்திலும் மூன்று துளி ஒட்டியிருந்தது. அந்தக் கவசத்தை நிலையத்தில் வைத்திருக்கிறேன். 34,000 ரூபாவைப் பற்றிக் கேட்பவர்கள் வந்து பார்க்கலாம்.

இனிக் கணக்கு. முதல் ஒப்பந்தகாரரிடம் போனது 50,000. இரண்டாம் குழுவின் கூலியும் கருவிகளும் 165,000. பொருட்கள் 118,000. பாதுகாப்புச் சாமான்கள் 34,000. சில்லறைச் செலவு 5,000. மொத்தம் 372,000 ரூபா. கூடிய 87,000இல் 50,000 ஏமாந்தது, 34,000 பாதுகாப்பு, மிச்சம் 3,000 மட்டுமே மதிப்பீட்டை மீறியது. வரவு 380,000. கையிருப்பு 8,000 ரூபா.

தந்தவர்கள் பலர். கனடாவில் இருக்கும் எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்கள், இலண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மூவர், சுவிஸில் இருந்து தாயாரின் ஆண்டுத் திவச நினைவாக அனுப்பிய குடும்பம், சந்திப் பலசரக்குக் கடைக்காரர், அரிசி ஆலைக்காரர், காஸ் சிலிண்டர்கள் மூன்றையும் இலவசமாகத் தந்த கடைக்காரத் தம்பி, வேலை நடந்த நாளெல்லாம் பிளேன்ரீ அனுப்பிய தேநீர்க்கடை அண்ணை, மதியச் சாப்பாடு தந்த மாதர் சங்கத்து அக்காமார், தண்ணீர் தந்த முடக்கு வீட்டார், ஓய்வூதியத்தில் ஆயிரம் ரூபாவைக் கடித உறையில் போட்டு, பெயர் எழுதவேண்டாம் என்று சொன்ன தபாற்கந்தோர் ஒழுங்கை ஆச்சி. ஆச்சியின் பெயர் தவிர மற்ற எல்லோருடைய பெயரும் தொகையும் அறிவித்தல் பலகையில் இருக்கின்றன. விடுபட்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், அன்றைக்கே சேர்க்கிறேன்.

இன்னும் ஒரு வேண்டுகோள். தோட்டத்தால் வரும் உழவு இயந்திரங்களின் சில்லுச் செம்மண் வெள்ளைப் பட்டையில் படிந்து, இப்போதே கடவை சிவக்கத் தொடங்கிவிட்டது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு முனையிலும் கொடி பிடிக்க ஆள் இருந்தால் மட்டும், இளைஞர் அணி அதைக் கழுவும். கூம்புகளும் மேலங்கிகளும் நிலைய அலுமாரியில் இருக்கின்றன. திறப்பு பொருளாளரிடம்.

பற்றுச்சீட்டுகள் அனைத்தும் அடுத்த பொதுக்கூட்டத்தில் மேசையில் வைக்கப்படும்.

செயலாளர்