சைலன்சர் வாங்கும் முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய சைலன்சர் வீடியோக்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, யாரோ ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறார். அதை வைத்து முடிவு செய்யாதே, கண்ணு. புனேயிலிருந்து லே வரை நீ கேட்கப் போவது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது வரும் சத்தம். நின்ற இடத்தில் கம்பீரமாக உறுமுகிற எத்தனையோ சைலன்சர்கள், இன்ஜின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றை (ஆர்பிஎம்) ஒட்டியதும் 'ஊம்' என்று இரைய ஆரம்பித்தால் சாயங்காலம் வரை விடாது. ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் ஏற்கெனவே இருக்கிறது. 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம்தான் காதுக்கு எல்லை என்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிவிடும். அதனால் அதே சைலன்சர் போட்ட ஒருவரின் வண்டியை வாங்கி, ஹைவேயில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்.

இன்ஜினிலிருந்து கடைசிக் குழல் வரை எல்லாவற்றையும் மாற்றும் ஃபுல் சிஸ்டம் வேண்டவே வேண்டாம். உன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட வண்டி. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டரும் ஆக்சிஜன் சென்சரும், இன்ஜினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்பில்தான் இருக்கின்றன. அதைக் கழற்றினால் புகைச் சோதனையில் மாட்டுவாய். கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் பட் பட்டென்று வெடிக்கும். 24 குதிரைத்திறன் வண்டியில் அதனால் கூடுகிற பலம் மேட்டில் உனக்குத் தெரியக்கூடத் தெரியாது. லே போகும் வழியில் வரும் தங்லங் லா கணவாய் ஐயாயிரம் மீட்டருக்கு மேலே. அங்கே காற்றே குறைவு, எந்தச் சைலன்சரும் அதை ஈடுகட்டாது. பெண்ட் பைப்பைத் தொடாமல் கடைசிக் குழலை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் போதும். எடை குறையும், அதுதான் உண்மையான லாபம்.

சைலன்சர் வாய்க்குள் சத்தத்தைக் குறைக்க வைத்திருக்கும் டிபி கில்லரை யாராவது கழற்றச் சொன்னால் கேட்காதே. சத்த விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். போலீஸ் ஒருபுறம் இருக்கட்டும், விடியற்காலையில் நீ கிளம்பும் ஊர்களில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்.

கடையில் போய் வெல்டிங்கைப் பார். உள்பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். உள்ளே கிளாஸ் வுல் இருந்தால் அது நாளாக நாளாக எரிந்து சத்தம் ஏறும். பிரித்து மறுபடி அடைக்க முடியுமா என்று கேள். ஒரிஜினல் மாதிரியே பின்பக்கம் தூக்கி நிற்க வேண்டும், மணாலி பாதையில் ஓடைகளைக் கடக்க வேண்டியிருக்கும். பின்னால் பக்கவாட்டில் தொங்கும் பேனியர் பையை மாட்டிப் பார்த்து இடைவெளி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள், சூட்டில் துணிப்பை உருகிவிடும். பின் சஸ்பென்ஷன் 180 மில்லிமீட்டர் ஏறி இறங்கும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே வரும்போது சைலன்சரில் எங்கும் இடிக்கக் கூடாது.

மாட்டியதும் வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, கனத்த துணியால் சைலன்சரின் வாயை லேசாக மூடிக் கேள். இணைப்பில் 'உஸ்' என்று வந்தால் லீக். இணைப்பை அடைக்கும் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போடுகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் விடாதே, புதிதாகப் போடச் சொல். இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கிளாம்ப் போல்ட்டை ஒருமுறை இறுக்கிவிடு.

ஒரிஜினல் சைலன்சரை யாருக்கும் விற்காதே. பார்சலில் பட்டறைக்கு அனுப்பிவிடு, நான் எண்ணெய் தடவி மேலே வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா